எழவு வீட்டுல போய் கண்ணு கேக்குறவ

"எழவு வீட்டுல போய் உக்காந்துகிட்டு கண்ணைக் குடுங்கன்னு கேக்க உனக்கு எப்படிக்கா வாய் வருது?" என் தங்கச்சி கேட்டா, சம்பந்தி வீட்டுல கேட்டாங்க, தெருமுனையில மாவு விக்கிற அக்கா கூட கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி அலுத்துப்போயி இங்க எழுதி வச்சிரலாம்னு தோணுச்சு.

உண்மைய சொன்னா வாய் வராது. போன உடனே நான் எதுவும் பேசவே மாட்டேன். செருப்ப கழட்டிட்டு உள்ள போயி பொம்பளைங்களோட உக்காந்துருவேன், யாராவது கையப் புடிச்சு அழுதா நானும் அழுவேன், அது நடிப்பு இல்ல, நெஜமாவே வந்துரும். வெளிய பந்தல்ல ஆம்பளைங்ககிட்ட அண்ணாச்சி பேசிக்குவாரு. அண்ணாச்சின்னா எங்க ஊர்ல இந்த வேலைய ரொம்ப வருஷமா பண்றவரு, எல்ஐசி ஏஜென்ட்டா இருந்தவரு, பழைய டிவிஎஸ் எக்ஸெல்ல வருவாரு. வெளிய ஆம்பளைங்க எவ்வளவு பேசினாலும் உள்ள உக்காந்திருக்கிற பொம்பளைங்க சரின்னு சொன்னாத்தான் நடக்கும், இது அண்ணாச்சியே ஒத்துக்கிட்ட விஷயம்.

எங்க ஊரு அருப்புக்கோட்டை. தறி ஊரு. எங்கம்மா தறிக்கு தார் சுத்தினவங்க, அப்பா நெய்வாரு. பாவுல எங்கயாவது ஒரு இழை அறுந்துருச்சுன்னா அப்பா கண்ணுக்கு தெரியாது, அம்மாவதான் கூப்புடுவாரு, அவங்க வந்து கொஞ்சம் சாஞ்சு வெளிச்சத்துக்கு பாத்து, அத்தனை இழைக்கு நடுவுல அந்த ஒண்ணை விரல் நுனியால எடுத்து முடிச்சு போட்டுட்டு திரும்பி அடுப்படிக்கு போயிருவாங்க. அறுபது வயசுக்கு மேல புரை விழுந்துச்சு, ஃப்ரீ கேம்ப்ல பாத்து, பஸ்ல கூட்டிட்டு போயி ஆப்ரேஷன் பண்ணி, கறுப்பு கண்ணாடி மாட்டி திருப்பி ஊர்லயே கொண்டுவந்து விட்டாங்க, பத்து பைசா வாங்கல. அன்னைல இருந்து அம்மா ஒரே பாட்டு, "ஊரான் காசுல சரி பண்ணி குடுத்த கண்ணு, எரிச்சு சாம்பலாக்கிடாதீங்கடி". நாங்க யாரும் அதை பெருசா எடுத்துக்கல. எந்த வீட்டுல அம்மா சாவைப் பத்தி பேசினா உக்காந்து கேப்பாங்க?

அவங்க போனது ஒரு விடியக்காலை, தூக்கத்துலயே. வாய்க்கட்டு கட்டி, கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டி, நெத்தியில காசு வச்சு படுக்க வச்சாச்சு. அப்பதான் எனக்கு அந்த வார்த்தை ஞாபகம் வந்துச்சு. வீட்டுக்காரர்தான் அண்ணாச்சிக்கு போன் போட்டாரு. அண்ணாச்சி போன்லயே ரெண்டு விஷயம் சொன்னாரு, தலைக்கு மேல ஓடுற ஃபேன நிறுத்துங்க, கண்ணு ரெண்டையும் நல்லா மூடி மேல ஈரப் பஞ்சு வையுங்க, தலைய ஒரு தலைகாணில கொஞ்சம் ஏத்தி வையுங்க (ரெண்டுன்னு ஆரம்பிச்சு மூணு சொன்னாரு, அவரு அப்படித்தான்). காத்து பட்டா கருவிழி காஞ்சு போயிரும், அதுக்குத்தான். இறந்து ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும். மதுரைல இருந்து கண் வங்கி ஆளுங்க கிளம்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

பிரச்சனை அங்கதான் வந்துச்சு. எங்க பக்கம் ஒரு பொம்பளை இறந்தா பொறந்த வீட்டு ஆளுங்க வந்து கோடி போடாம உடம்புல யாரும் கை வைக்கக்கூடாது. பெரிய மாமா கோவில்பட்டில இருந்து வரணும். அதுக்குள்ள எங்க பெரியப்பா வாசல்ல நின்னுகிட்டு, கண்ணைத் தோண்டி எடுத்தா அடுத்த ஜென்மத்துல குருடாத்தான் பொறப்பான்னு கத்துறாரு. அத்தை விடல, "அப்ப கண்ணப்பரு என்ன குருடாவா போனாரு? அவரு அம்பால தோண்டி குடுத்ததுக்கு சாமியே வந்து கையப் புடிச்சு நில்லு கண்ணப்பான்னு சொல்லலையா?"ன்னு எழுந்து நின்னு கேட்டாங்க. ஒப்பாரி வச்சுகிட்டு இருந்த கெழவிங்க நிறுத்திட்டு இத வேடிக்கை பாத்தாங்க. இன்னொருத்தங்க, ஆப்ரேஷன் பண்ண கண்ணு யாருக்கு ஆகும்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். புரை ஆப்ரேஷன்ல மாத்துறது உள்ள இருக்கிற லென்ஸ. தானமா எடுக்குறது முன்னாடி வாட்ச் கண்ணாடி மாதிரி மூடியிருக்கிற கருவிழிய, அரை மில்லிமீட்டர்தான் கனம் இருக்கும். அதனால ஆப்ரேஷன் பண்ணவங்க, கண்ணாடி போட்டவங்க, சுகர் இருக்கிறவங்க எல்லாரும் குடுக்கலாம். ரேபிஸ், எய்ட்ஸ், மஞ்சக்காமாலை கிருமி, ரத்தப் புற்றுநோய் இப்படி சிலது இருந்தாதான் வேண்டாம்னுவாங்க. இதெல்லாம் அன்னைக்கு எனக்கு தெரியாது, அண்ணாச்சி சொல்லிக்கிட்டு இருந்தாரு, நான் சுவத்துல சாஞ்சு உக்காந்து மணியவே பாத்துகிட்டு இருந்தேன்.

மாமா வந்தாரு. யாரும் அவர்கிட்ட சொல்ல தைரியமில்லாம நின்னாங்க, அண்ணன்தான் சொன்னான். மாமா அம்மா மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்தாரு, துண்டால வாயப் பொத்திக்கிட்டு, "நல்ல கண்ணுடா அவளுக்கு, லைட்டு இல்லாத காலத்துல எங்க வீட்டுக்கே ஊசி கோத்துக் குடுத்தவ, குடுங்க"ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கு மேல பெரியப்பாவால கூட பேச முடியல.

அண்ணன் கையெழுத்து போட்டான், சாட்சிக்கு ரெண்டு பேரு போட்டாங்க. ரூம் கதவை சாத்தி அரை மணி நேரம் கூட ஆகல. கொஞ்சம் ரத்தம் எடுத்துகிட்டாங்க, டெஸ்ட்டுக்கு. அவங்க வெளிய வந்தப்புறம் பாத்தா அம்மா மூஞ்சி முன்ன இருந்த மாதிரியே இருந்துச்சு, இமை மூடி, குங்குமப் பொட்டு வச்ச எடம் கூட கலையல. பெரியப்பா குனிஞ்சு ரெண்டு தடவ பாத்தாரு. அப்புறம் நீர்மாலை எடுக்க போயிட்டாங்க.

அதுக்கப்புறம் பதினாறு முடிஞ்சு எல்லாரும் கிளம்பினாங்க. நான் வீட்டுலயே ப்ளவுஸ் தைக்கிறவ, மிஷின்ல உக்கார முடியல. உக்காந்தா ஊசில நூல் கோக்கணும், கோக்கும்போது அம்மா ஞாபகம். வர்றவங்க எல்லாம் அழாத, நீ அழுதா அம்மா ஆத்மா அலையும், புள்ளைங்களுக்காக தைரியமா இருன்னு சொன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க, ஆனா அந்த "தைரியமா இரு"வ கேட்டு கேட்டு எனக்கு அழுகைய எங்க வைக்கிறதுன்னே தெரியாம போச்சு. பாத்திரம் கழுவும்போது தண்ணிய திறந்து விட்டுட்டு அழுதுருக்கேன். ஒரு வீட்டுல சாவு விழுந்தா பதினாறு நாளைக்கு கூட்டம், பதினேழாம் நாள் எல்லாரும் அவங்கவங்க கஷ்டத்துக்கு போயிடுறாங்க. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. நானும் மத்தவங்க வீட்டுக்கு அப்படித்தான் போயிட்டு வந்தவ.

பல மாசம் கழிச்சு அண்ணாச்சி போன் பண்ணாரு. பாட்டி ஒருத்தங்க இறந்துட்டாங்க, மகனுங்க சரிங்கிறாங்க, மகளுங்க மூஞ்சி செதைஞ்சு போகும்னு பயப்படுறாங்க, "நீ ஒண்ணும் பேச வேண்டாம்மா, உங்கம்மாவுக்கு எப்படி பண்ணாங்க, அப்புறம் மூஞ்சி எப்படி இருந்துச்சு, அத மட்டும் சொல்லிட்டு போயிரு"ன்னாரு. நைட்டி மேல துப்பட்டாவ போட்டுகிட்டு போனேன். சொன்னேன். சொல்லும்போதே அழுதுட்டேன், அந்த வீட்டு மூத்த மக என்னைப் புடிச்சுகிட்டு அழுதா, ஏன் அழுறேன்னு ஒருத்தரும் கேக்கல, நிறுத்துன்னு ஒருத்தரும் சொல்லல. முன்ன பின்ன தெரியாத அந்த வீட்டுலதான் நான் எங்கம்மாவுக்காக வயிறார அழுதேன்.

சேவை, தியாகம்னு யாராவது மாலை மரியாதை பண்ண வந்தா எனக்கு கூச்சமா இருக்கிறதுக்கு காரணம் இதுதான். என் துக்கத்தை இறக்கி வைக்க ஒரு எடம் தேவைப்பட்டுச்சு, அது அடுத்தவங்க துக்க வீட்டுல கெடச்சுது. அதுக்கு பதிலா அந்த வீட்டுக்கு என்னால முடிஞ்சத செஞ்சுட்டு வர்றேன். அன்னைக்கு விடியக்காலைல அண்ணாச்சி கதவுக்கிட்ட வந்து நின்னாருல்ல, அதுக்கு அவருக்கு என்ன திருப்பிக் குடுக்க முடியும், அவரு வாங்கிக்கிற ஆளும் இல்ல. வேற வீட்டு வாசல்ல போயி நிக்கிறதுதான் எனக்கு தெரிஞ்ச வழி.

போகப் போக நிறைய கத்துகிட்டேன். உலகத்துல முதன்முதலா கருவிழி மாத்தி ஜெயிச்சது 1905ல, இப்ப செக் நாடா இருக்கிற எடத்துல ஓலோமௌட்ஸ்னு ஒரு ஊரு, எட்வர்ட் ஸிர்ம்னு ஒரு டாக்டர். பேஷன்ட் ஒரு கூலித் தொழிலாளி, சுண்ணாம்பு பட்டு ரெண்டு கண்ணும் போனவரு. ரெண்டு கண்ணுலயும் வச்சதுல ஒண்ணு ஒட்டல, இன்னொண்ணு ஒட்டிகிச்சு. சுண்ணாம்புன்னு கேட்டதும் எனக்கு திக்குன்னு ஆச்சு, ஏன்னா இங்க இன்னைக்கும் வெத்தலைக்கு வாங்குற சுண்ணாம்பு பாக்கெட்ட சின்னப் புள்ளைங்க விளையாட்டா அமுக்கி கண்ணுல தெறிச்சு கொண்டுட்டு ஓடுறாங்க. தயவுசெஞ்சு புள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க. இந்தியாவுல முதல் கண் வங்கி ஆரம்பிச்சது நம்ம எழும்பூர் கண் ஆஸ்பத்திரிலதான், 1945ல, டாக்டர் முத்தையா காலத்துல. அந்த ஆஸ்பத்திரியே 1819ல ஆரம்பிச்சது.

நம்ம பக்கம் கருவிழி போறதுல பாதி கதை வயக்காட்டுக் கதை. கதிரடிக்கும்போது உமி தெறிக்கும், சோளத்தட்டை குத்தும், ரெண்டு நாள்ல சரியாயிரும்னு விட்டுருவாங்க, யாராவது தாய்ப்பால் ஊத்து, விளக்கெண்ணெய் விடு, இலைச்சாறு புழின்னு சொல்லுவாங்க, அதுக்குள்ள பூஞ்சை புடிச்சு புண்ணாகி கருவிழி வெள்ளையாயிரும். கூலிக்கு போறவங்களுக்குத்தான் இது அதிகம். ஒரு நாள் கூலி போகுமேன்னு ஆஸ்பத்திரிக்கு போக மாட்டாங்க.

எல்லா வீட்டுலயும் சரின்னு சொல்றதில்ல. ஒரு வீட்டுல சின்ன வயசு பையன், பைக் ஆக்ஸிடென்ட், பொண்டாட்டிக்கு இருபத்தஞ்சு வயசு கூட இருக்காது. அவ அழல, ஒரே எடத்த பாத்துகிட்டு இருந்தா. அவ மாமியார்தான் மெதுவா கேட்டாங்க. "என்னைப் பாத்த கண்ணு அது, யாருக்கும் குடுக்க மாட்டேன்"ன்னா. நான் அண்ணாச்சியப் பாத்தேன், அவரு எழுந்துட்டாரு. அதுக்கு மேல என்ன கேக்குறது? எனக்கு அந்த பதில்ல ஒரு தப்பும் தெரியல. சுவத்துல பெயின்ட் அடிச்சு வச்சிருப்பாங்களே, மண்ணு திங்கிற கண்ண மனுசனுக்கு குடுன்னு, அது எனக்கு சுத்தமா புடிக்காது. படுத்திருக்கிறது அவளுக்கு புருஷன், அவகிட்ட போயி மண்ணு திங்கிறதுன்னு சொல்ல நாம யாரு. அந்தப் பொண்ணு இப்பவும் கடைவீதில பாத்தா சிரிக்கும், ப்ளவுஸ் தைக்க குடுக்கும்.

அம்மா கண்ணு யாருக்கு போச்சுன்னு கேக்காத ஆளில்ல. தெரியாது. வாங்கினவங்க யாருன்னு குடும்பத்துக்கு சொல்ல மாட்டாங்க, குடுத்தவங்க யாருன்னு அவங்களுக்கும் தெரியாது. ஒரு நன்றிக் கடிதமும் சர்டிபிகேட்டும் வந்துச்சு, அண்ணன் ஃப்ரேம் போட்டு வச்சிருக்கான். ஆரம்பத்துல பஸ்ல போறப்ப எதிர்ல இருக்கிறவங்க கண்ண உத்து உத்து பாப்பேன், ஒரு அம்மா என்னம்மா வேணும்னே கேட்டுட்டாங்க. மாத்தி வச்சிருந்தாலும் வெளிய இருந்து பாத்து அது யாரோடதுன்னு கண்டுபுடிக்க முடியுமா என்ன. தெரியாம இருக்கிறதே நல்லதுன்னு இப்ப தோணுது. தெரிஞ்சிருந்தா தீபாவளிக்கு சட்டை எடுத்துகிட்டு அவங்க வீட்டு வாசல்ல போயி நின்னுருப்பேன், பாவம் அவங்க.

மிஷின் திரும்ப ஓடுது. போன் வந்தா பாதி ப்ளவுஸ அப்படியே மடிச்சு வச்சிட்டு ஓடுவேன், அதுல கஸ்டமருங்களுக்கு கடுப்பு. ஒரு அக்கா "எவன் செத்தாலும் என் ப்ளவுஸ்தான் லேட்டாகுது"ன்னு சத்தம் போட்டாங்க. போன மாசம் அவங்க மாமியார் ராத்திரி படுத்தவங்க எழுந்திரிக்கல, அந்தக்காவே எனக்கு போன் பண்ணாங்க, ஆனா சொந்தக்காரங்களுக்கு எல்லாம் சொல்லி முடிச்சு என் நம்பர தேடிப் புடிக்கிறதுக்குள்ள ஆறு மணி நேரம் எப்பவோ தாண்டிடுச்சு, எடுக்க முடியாதுன்னுட்டாங்க. சும்மா போயி உக்காந்தேன். பக்கத்து வீட்டுல இருந்து கொண்டுவந்த காபிய எனக்கும் ஒரு டம்ளர் குடுத்தாங்க, அந்தக்கா மாமியாரப் பத்தி, அவங்க வெங்காயம் உரிக்கிற வேகத்தப் பத்தி, தன்கிட்ட சண்டை போட்டுட்டு நாலு நாள் பேசாம இருந்ததப் பத்தி எல்லாம் சொல்லிகிட்டே இருந்தாங்க, தூக்குற வரைக்கும் இருந்துட்டு வந்தேன். பதினாறு முடிஞ்சு வந்து ப்ளவுஸ வாங்கிட்டு போனாங்க. கை லூசா இருக்குன்னு நேத்து திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க, புடிச்சுக் குடுக்கணும்.