முட்டுக்கட்டை போடும் செல்கள்

நம் பள்ளியில் பிளஸ் ஒன்னில் நமக்கு விலங்கியல் எடுத்த டீச்சரை, எண்பதுகளில் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நரம்பு மண்டலப் பாடம் நடந்த அன்று என்னை ஆய்வுக்கூட மேசைமேல் உட்காரவைத்து, காலைத் தொங்கப்போடச் சொல்லி, முழங்கால் சில்லுக்குக் கீழே கைவிளிம்பால் ஒரு தட்டுத் தட்டினார். கால் தானாக முன்னால் எகிறியது. வகுப்பே சிரித்தது. பாடம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

"சரி, முன்தொடைத் தசை சுருங்கினதால கால் நீண்டுச்சு. அந்த நேரம் பின்தொடைத் தசை என்னடி செஞ்சுக்கிட்டு இருந்துச்சு? அதுவும் சேர்ந்து இழுத்திருந்தா கால் அசைஞ்சிருக்குமா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. பாடப் புத்தகத்திலும் இல்லை. அவரே சொன்னார்: "பின்தொடைக்கு 'நீ சும்மா இரு'ன்னு ஒரு செய்தி போகுது. அதைச் சொல்றதுக்குன்னே தண்டுவடத்துல தனியா ஒரு செல் இருக்கு."

அந்த ரகச் செல்களோடுதான் என் ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதும் கழிந்திருக்கிறது. அடக்கும் நரம்புச்செல்கள் என்று அவற்றைச் சொல்லலாம். சித்திரைத் தேரோட்டம் பார்த்து வளர்ந்த நமக்கு அவற்றின் வேலையைப் புரிந்துகொள்வது சுலபம். வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் தேர் மாசி வீதி முக்கில் திரும்பும்போது எல்லார் கண்ணும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற சில பேர்மேல்தான் இருக்கும். கட்டை எந்தச் சக்கரத்துக்கு, எந்த நொடியில் விழுகிறது என்பதை வைத்துத்தான் தேர் நிற்பதும் திரும்புவதும். மூளையின் வெளியடுக்கான புறணியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நரம்புச்செல்கள் இப்படிக் கட்டை போடுகிறவை. மிச்சமெல்லாம் வடம் பிடிக்கிறவை.

டீச்சர் கேட்ட அதே கேள்விக்கு 1951 ஆகஸ்டில் நியூசிலாந்தின் டனிடின் நகரில் விடை கிடைத்திருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ஜான் எக்கிள்ஸும் அவருடைய கூட்டாளிகள் புரோக், கூம்ஸ் இருவரும் மயக்கத்தில் இருந்த பூனையின் தண்டுவடத்தில், பின்தொடைத் தசையை இயக்கும் ஒரு செல்லுக்குள் நுண்ணிய கண்ணாடி ஊசியை இறக்கினார்கள். முன்தொடைத் தசையிலிருந்து வரும் நரம்பைத் தூண்டினார்கள். செல்லுக்குள் மின்னழுத்தம் கீழே இறங்கியது. நரம்புச்செல்கள் ஒன்றோடொன்று மின்சாரத்தால்தான் பேசிக்கொள்கின்றன என்று அதுவரை பல வருடம் வாதாடி வந்தவர் எக்கிள்ஸ். அவருடைய கணக்குப்படி மின்னழுத்தம் இப்படி இறங்க வழியே இல்லை. வேதிப்பொருள்தான் தூது போகிறது என்று அன்றே ஒப்புக்கொண்டு எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார். 1963-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதை, அந்த ஆகஸ்ட் மாதத்துக்காகத்தான்.

தூது போகும் பொருள்கள் முக்கியமாக இரண்டு. தண்டுவடத்தில் கிளைசின் பெரும்பங்கு வகிக்கிறது, மூளையில் காபா. மூளையில் காபா நிறைய இருக்கிறது என்று 1950-இல் கண்டுபிடித்தார்கள். அதன் வேலை அடக்குவது என்று நிலைநாட்டப் பிறகும் பல வருடம் ஆயிற்று. காபா தயாராவதே ஓர் ஆச்சரியம். செல்களைத் தூண்டிவிடுகிற குளுட்டமேட்டிலிருந்து ஒரே படியில் அது உண்டாகிறது. அந்தப் படிக்கு வைட்டமின் பி6 வேண்டும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு குழந்தை உணவைச் சூடேற்றிப் பதப்படுத்தியபோது பி6 அழிந்துபோனது. அதைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. வைட்டமினைக் கொடுத்ததும் நின்றது.

இந்தத் துறையின் முக்கியமான இரண்டு விஷங்களும் நம் பக்கத்துத் தாவரங்களிலிருந்து கிடைப்பவை. மேலூர்ப் பக்கம் எங்கள் அப்பத்தா ஊர்க் கண்மாய்க்கரையில் ஓர் எட்டி மரம் இருந்தது. பழம் ஆரஞ்சு நிறத்தில் பார்க்க ஆசையாக இருக்கும். "தொட்டே, கையை ஒடிச்சுப்புடுவேன்" என்று அப்பத்தா மிரட்டும். உடைந்து கிடக்கும் பழத்துக்குள் சாம்பல் நிறத்தில், வட்டமாக, தட்டையாக விதைகள். மேலே மென்மயிர் வெயிலில் மினுங்கும். ஸ்ட்ரிக்னின் அந்த விதையில்தான் இருக்கிறது. கிளைசின் வந்து உட்கார வேண்டிய ஏற்பியை அது அடைத்துவிடும். 'சும்மா இரு' என்ற செய்தி போய்ச் சேராது. முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இழுக்க, உடம்பு வில்லாக வளையும். ரண ஜன்னி எனும் டெட்டனஸிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். புண் வழியாக வந்த கிருமியின் நச்சு, நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, அடக்கும் செல்கள் தங்கள் வேதிப்பொருளை வெளியே விடாதபடி செய்துவிடுகிறது. ஆணி குத்தினால் ஊசி போடச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று காக்கைக்கொல்லி. குளத்து மீனை மயக்க அதன் விதையை அரைத்துப் போடுவது பழைய வழக்கம். அதிலிருந்து எடுக்கும் பிக்ரோடாக்சின், காபா ஏற்பியில் குளோரைடு அயனிகள் செல்லுக்குள் நுழையும் வழியை அடைக்கும். ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிக்குப் போன புதிதில், உயிரோடு வைத்திருக்கும் சுண்டெலி மூளைச் சீவலின் மேல் ஓடும் உப்புநீரில் அதைச் சிறிதளவு கலந்தேன். அதுவரை ஆங்காங்கே ஒன்றிரண்டாக மின்துடிப்புக் காட்டிக்கொண்டிருந்த செல்கள், சில நிமிடங்களில் ஒட்டுமொத்தமாக அலை அலையாகத் துடிக்க ஆரம்பித்தன. வலிப்பை ஒரு தட்டுக்குள் வைத்துப் பார்ப்பது அதுதான். கட்டை போடுகிறவர்கள் விலகினால் என்ன ஆகும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஜெர்மனிக்கு எப்படிப் போனேன் என்று சொல்லவில்லையே. எம்.எஸ்சி. படித்தது நம் காமராசர் பல்கலைக்கழகத்தில். அங்கே எம்.கே. சந்திரசேகரன் குழு, கீழக்குயில்குடி சமணர் மலைப் பக்கத்துக் குகை வௌவால்களை வைத்து உடல் கடிகாரத்தைப் பற்றி ஆராய்ந்து வந்தது. வெளிச்சமே எட்டாத குகையில் கூண்டுக்குள் இருக்கும் வௌவாலும், சுற்றியிருக்கும் மற்றவை கிளம்பும் நேரத்தைக்கொண்டு தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று 1981-இல் எழுதியிருந்தார்கள். பாலூட்டிகளின் மூளையில் அந்தக் கடிகாரம் இருக்கும் சிறு கொத்தில் உள்ள செல்கள் அநேகமாக எல்லாமே காபா செல்கள் என்று பிறகு படித்தபோது, டீச்சர் சொன்ன செல்லிடமே திரும்பி வந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். அதை வைத்துத்தான் விண்ணப்பங்கள் எழுதினேன்.

ஆய்வகத்து வேலையைப் பார்த்தால் நம் வீட்டு மனிதர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தடிமனில் மூளைச் சீவல். சூடாக்கி இழுத்து, நுனி ஒரு மைக்ரான் அளவுக்கு ஒடுங்கிய கண்ணாடிக் குழாய். அதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே செல்லின் மேல் வைத்து, வாயில் பிடித்த டியூப் வழியாக மெல்ல உறிஞ்ச வேண்டும். செல்லின் தோல் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நேயரும் சக்மானும் உருவாக்கிய முறை இது, 1991-இல் நோபல் பெற்றது. செல்லின் மின்துடிப்பைப் பெரிதாக்கும் பெருக்கியோடு ஓர் ஒலிபெருக்கியையும் இணைத்திருப்போம். சாதாரணச் செல் 'டொக், டொக்' என்று நிதானமாக ஒலிக்கும். வேகமாகத் துடிக்கும் அடக்கும் செல்லைப் பிடித்துவிட்டால் 'டர்ர்ர்' என்று ஒரே இரைச்சல். நொடிக்கு 200 தடவைக்கு மேல்கூடத் துடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து அறையில் இருப்பவர்களும் எழுந்து வருவார்கள். செல்லுக்குள் சாயம் செலுத்தி, மறுநாள் அதன் கிளைகளைத் தாளில் வரைவோம். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. சரவிளக்குச் செல் என்று ஒன்று இருக்கிறது. அதன் கிளை நுனிகள், மற்றச் செல்களின் துடிப்பு கிளம்புகிற இடத்திலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஹங்கேரியைச் சேர்ந்த பீட்டர் சொமோஜி அதை 1977-இல் காட்டினார். கட்டை போடுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் மூளையில் கிடையாது.

வலிப்பு நோய்ப் பக்கம் என்னைத் திருப்பியது நம் வகுப்புத் தோழி ஒருத்தி. காலைப் பிரார்த்தனையில் ஒருநாள் கீழே விழுந்தாள். யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். அதே டீச்சர் சாவியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவள் தலைக்கடியில் ஒரு புத்தகப்பையைக் கொடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். யாரையும் அழுத்திப் பிடிக்க விடவில்லை, வாயில் எதையும் வைக்க விடவில்லை. துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். அவள் தினமும் சாப்பிட்டது கார்டினால் மாத்திரை. காபாவின் வேலைக்குக் கைகொடுக்கிற, 1912-லிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து. நோய் அவளுக்குச் சீக்கிரமே கட்டுப்பட்டுவிட்டது, கல்யாணப் பேச்சுதான் பெரும்பாடாக இருந்தது. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாகச் சொல்லப்பட்டவற்றில் வலிப்பும் அப்போது இருந்தது. 1999-இல்தான் அதை நீக்கினார்கள். இப்போது அவள் திருமங்கலத்தில் பேரனைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

கடந்த பல வருடங்களாக நான் பார்ப்பது டிராவே நோய்க்குறி. பிறந்த முதல் வருடத்திலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு, நீண்ட வலிப்பு வரும் குழந்தைகளின் நோய். செல் துடிப்பதற்காகச் சோடியம் உள்ளே நுழைகிற வாசல்தான் சோடியம் சேனல்; அப்படி ஒன்றின் மரபணுவில் கோளாறு என்று 2001-இல் தெரிந்தது. சோடியம் சேனல் குறைந்தால் துடிப்பும் குறையத்தானே வேண்டும், வலிப்பு ஏன் வருகிறது என்று எல்லோரும் குழம்பினோம். 2006-இல் சுண்டெலிகளில் விடை கிடைத்தது. அந்தச் சேனலை அதிகம் நம்பியிருப்பவை அடக்கும் செல்கள். எங்கள் ஆய்வகத்து ஒலிபெருக்கியிலும் அதைக் கேட்டிருக்கிறேன். 'டர்ர்ர்' என்று தொடங்கும், பாதியிலேயே தேய்ந்து நின்றுவிடும். அதனால்தான் சோடியம் சேனலை அடைக்கும் கார்பமாசெபின், பெனிட்டாயின், லாமோட்ரிஜின் போன்ற, மற்ற வலிப்புகளுக்கு நல்ல மருந்துகள், இந்தக் குழந்தைகளில் பலருக்கு நிலைமையை மோசமாக்குகின்றன. உங்கள் சொந்தத்தில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், மருந்தை நீங்களாக நிறுத்தாமல், மரபணுப் பரிசோதனை தேவையா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வரும் ஜனவரியில் நம் பள்ளி ஆசிரியர்களுக்கு வலிப்பு முதலுதவி பற்றி ஒரு மணி நேர வகுப்பு எடுக்கத் தலைமையாசிரியை சம்மதித்திருக்கிறார். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதிலிருந்து தொடங்க நினைக்கிறேன். நம் முன்னாள் மாணவியர் சங்கத்தில் மருத்துவராகவோ செவிலியராகவோ இருக்கும் அக்கா தங்கைகள் யாராவது பொங்கலுக்கு ஊருக்கு வருவதாக இருந்தால், மலர்க் குழுவிடம் பெயரைச் சொல்லி வையுங்கள். ஒரு பக்கத் துண்டறிக்கையும் தமிழில் தயார் செய்ய வேண்டியிருக்கிறது, அதற்கும் ஆள் தேவை.