‘இ’க்கு இலை வேண்டாம், இட்லி போதும்

நாலு வயதுப் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்ததும் முதலில் வீட்டுக்கு வருவது சுவரில் மாட்டும் அட்டைதான். அ அம்மா, ஆ ஆடு, இ இலை, ஈ ஈ, உ உரல் என்று கொஞ்ச நாளிலேயே பிள்ளை பாட்டாகப் பாடிவிடும். ஒரு நாள் ‘ஏ’யை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கையால் மறைத்து, இது என்ன எழுத்து என்று கேட்டுப் பாருங்கள். நிறையப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே அ-விலிருந்து ஓட்டி வந்துதான் பதில் சொல்லும். அதற்கு வரிசை மனப்பாடமாகியிருக்கிறது. எழுத்தின் முகம் இன்னும் பழகவில்லை.

அட்டையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் இலை ‘எல’ ஆகிவிடும், உரல் ‘ஒரல்’ ஆகிவிடும், உடம்பு ‘ஒடம்பு’. அடுத்த எழுத்து அகரமாகவோ ஐகாரமாகவோ இருந்தால் முன்னால் உள்ள இ, எ-வாகவும், உ, ஒ-வாகவும் இறங்கிவிடுவது நம் பேச்சின் இயல்பு. பிள்ளையின் காதில் இலையும் எலியும் ஒரே ஒலியில்தான் தொடங்குகின்றன. அந்தப் பிள்ளையிடம் இ-க்கு இலை, எ-க்கு எலி என்றால், தான் கேட்டது தப்பு என்று அது கற்றுக்கொள்கிறது. வாசிப்பின் அடிப்படையே காதை நம்புவதுதான், அதை முதல் வாரத்திலேயே உடைக்கக் கூடாது. பேச்சிலும் எழுத்திலும் முதல் ஒலி மாறாத சொற்களை எடுங்கள்: இ-க்கு இட்லி, இஞ்சி. உ-க்கு உப்பு, உண்டியல். ஐந்தை வீட்டில் ‘அஞ்சு’ என்றுதான் சொல்கிறோம், அதனால் ஐ-க்கு ஐஸ் நல்லது. ஔ-வுக்கு அவசரமே இல்லை, ஒரு வருடம் கழித்துக்கூட வரலாம்.

எழுத்துக்கு முன்னால் காதுக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். அம்–மா, இட்–லி, வா–ழைப்–ப–ழம் என்று கைதட்டிப் பிரிப்பது முதல் படி. ‘ப’வில் தொடங்குவது எது என்று வீட்டுப் பொருள்களில் தேடுவது இரண்டாவது. ‘கமலா’வில் ‘க’வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பது மூன்றாவது, இதுதான் கடினம். பேருந்தில், குளிக்கும்போது, சாப்பிடும்போது விளையாடினாலே போதும், தாளோ பென்சிலோ தேவையில்லை.

இனி எழுத்து. 247 என்ற எண் பெரியவர்களையே மிரட்டுகிறது. ஆனால் கண்ணுக்குப் பழக வேண்டிய உருவங்கள் 12 உயிர், 18 மெய்யின் வடிவங்கள், ஆய்தம், அவற்றோடு சேரும் சில குறிகள், அவ்வளவுதான். எல்லாவற்றையும் முடித்த பிறகு சொல் என்று வைத்தால் பிள்ளை மாதக்கணக்கில் எதையுமே வாசிக்காமல் உட்கார்ந்திருக்கும். அதனால் அ, ப, ட, ம, ல ஆகிய ஐந்து உருவங்களும், புள்ளியும், துணைக்காலும் முதலில் போதும். இவற்றிலேயே அப்பா, அம்மா, பாப்பா, பல், பால், படம், பாடம், பட்டம், அப்பம், டப்பா, பாலம், மடல் வந்துவிடுகின்றன.

தடித்த அட்டையில் உள்ளங்கை அளவுக்குத் துண்டுகள் வெட்டுங்கள். அ ஒன்று, ப மூன்று, ட இரண்டு, ம இரண்டு, ல ஒன்று, பாதி அகலத்தில் துணைக்கால் இரண்டு. எழுத்து கறுப்பில், ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல், பூவேலை எதுவும் இல்லாமல். புள்ளிக்கு ஸ்டிக்கர் பொட்டு. ஒட்டி எடுத்து இடம் மாற்றலாம் என்பதால் ‘ட’ எப்படி ‘ட்’ ஆகிறது என்பதைப் பிள்ளையே தன் விரலால் செய்து பார்க்கும். ‘படம்’ வைத்து வாசித்த பிறகு நடுவில் ஒரு ‘ட்’டை நுழைத்துப் பட்டம் ஆக்குங்கள். அதே ட ஓரிடத்தில் மென்மையாகவும் ஓரிடத்தில் அழுத்தமாகவும் ஒலிப்பதை விதி சொல்லாமலே பிள்ளை பிடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் தாண்ட வேண்டாம். கையில் இருக்கும் எழுத்துகளைக் கலைத்துப் போட்டாலும் தயங்காமல் சொல்லும் வரை அடுத்த கட்டுக்குப் போக வேண்டாம்.

அடுத்த கட்டு க, த, ர, ன, அவற்றோடு ி. காகம், கரடி, கத்தி, மரம், மான், பாட்டி எல்லாம் திறந்துகொள்ளும். இங்கே ஒரு இடறல் உண்டு: ர-வும் துணைக்காலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், ர-வுக்கு அடியில் சாய்வாக ஒரு கோடு, அது ஒன்றுதான் வித்தியாசம். ர்-இல் அந்தக் கோட்டையும் போடாமல் விடும் அச்செழுத்துகள் நிறைய. அப்படி அச்சான ‘கார்’ என்ற சொல்லில் பிள்ளைக்கு இரண்டு கால்கள்தான் தெரியும். உங்கள் அட்டையில் சாய்கோட்டை நன்றாக இழுத்தே எழுதுங்கள்.

மெய்யெழுத்துகளை இக், இங், இச் என்று சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ‘இப் கூட்டல் அ’ என்று சொன்னால் காதில் ‘இப்ப’ என்றுதான் விழுகிறது. ‘ப’ என்ற ஒலியையே முதலில் கொடுத்து, புள்ளி வைத்தால் அது பாதியில் நிற்கும் என்று காட்டுவது சுலபம். ‘ங்’ போன்றவை சொல்லின் முதலில் வருவதே இல்லை, தனியாகக் கற்பிப்பதில் பொருளும் இல்லை. மெல்லினத்தை அதன் ஜோடியோடு கொடுங்கள்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. சங்கு, பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு, கன்று. எந்த ன/ண/ந எங்கே வரும் என்ற பிற்காலக் குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேயே குறைந்துவிடும். ர/ற, ல/ள/ழ அப்படி அடங்காது. பலருடைய பேச்சில் இவற்றின் வேறுபாடு மங்கிவிட்டதால், சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

குறிகளில் வலப்பக்கம் வருபவை முதலில், இடப்பக்கம் வருபவை பிறகு. கொம்பு கண்ணுக்கு முன்னால் வருகிறது, ஒலியில் பின்னால் வருகிறது. ‘கெ’யைப் பார்க்கும் பிள்ளை முதலில் கொம்பில் முட்டி நிற்பது அதனால்தான். ‘கொம்பைப் பார்த்தால் வாயைத் திறக்காதே, அடுத்த எழுத்தைத் தொட்டுவிட்டுச் சொல்’ என்று விரலை நகர்த்திப் பழக்குங்கள். எ-யும் ஒ-வும் நன்றாகப் பிரித்துக் கேட்ட பிறகுதான் கெ, கொ. பிறகு கே, கோ. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் ஒரே நாளில் காட்டினால் இரண்டும் கலந்துவிடும். கௌ-வின் பின்பாதி ‘ள’ மாதிரியே இருப்பதால் ‘கெள’ என்று வாசிப்பார்கள், அதைத் திருத்த மெனக்கெட வேண்டாம்.

உகர வரிசை கடைசியில்தான். மற்றக் குறிகள் எல்லா எழுத்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒட்டும், இது ஒட்டாது. அதனால் க-விலிருந்து ன வரை வரிசையாகப் போகாமல் உருவத்தை வைத்துப் பிரியுங்கள். சு, பு, யு, வு கீழே கோடு இழுப்பவை. து, நு, லு, று, னு, ணு, ஞு இன்னொரு குடும்பம், இவற்றோடு துணைக்கால் சேர்ந்தால் நெடில் ஆகிவிடும். டு, மு, ரு, ழு, ளு மூன்றாவது. கு, கூ, சூ ஆகியவற்றைத் தனியாக.

வீட்டில் பழைய கதைப் புத்தகம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அவற்றோடு ண, ற, ன ஆகிய மூன்றின் ஒகர ஓகார உருவங்கள் என 13 எழுத்துகள் மாறின. அதற்கு முந்தைய அச்சைப் பெரியவர்கள் படித்துக் காட்டலாம், பிள்ளையை எழுத்துக் கூட்ட வைக்க வேண்டாம்.

வாசிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. அகர வரிசையின் முதல் மூன்று எழுத்துகளான அ, ஆ, இ கைக்கு மிகக் கடினமானவை, சுழியும் வளைவும் நிறைந்தவை. ட, ப இரண்டும் நேர்கோடுகள். பிறகு ம, ய, பிறகு க, த, அ-வுக்குக் கடைசியில் வரலாம். பென்சிலுக்கு முன்னால் தட்டில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு அரிசியோ ரவையோ பரப்பி விரலால் எழுதட்டும். புள்ளி வைத்துக் கோலம் போட விடுங்கள், எழுத்துச் சுழிக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சிலேட்டுக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளச் சாக்பீஸ் துண்டு கொடுத்தால் முஷ்டியில் பிடிக்க முடியாது, மூன்று விரல் பிடி தானாக வரும். பல்பம் தின்னும் பழக்கம் இருந்தால் திட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம்.

தினமும் புத்தகம் படித்துக் காட்டுவது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை. பல், பால், மண் நம் வாயில் பல்லு, பாலு, மண்ணு ஆகின்றன. மரத்தின் கடைசி ‘ம்’ மூக்கில் கரைகிறது. பிள்ளை ‘பல்லு’ என்று எழுதினால் அதன் காது சரியாக வேலை செய்கிறது என்று பொருள். எழுத்துத் தமிழ் எப்படி ஒலிக்கும் என்பதைப் பிள்ளை நீங்கள் படித்துக் காட்டும் குரலில் மட்டும்தான் கேட்கும். அச்சில் உள்ளபடியே, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு வாசியுங்கள், பிறகு வீட்டுத் தமிழில் கதை பேசுங்கள். பேச்சைத் திருத்த வேண்டாம். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் படியுங்கள், எழுத்தும் சொல்லும் ஒட்டிக்கொள்வது அப்போதுதான். புத்தகம் கைவசம் இல்லையென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இலவசமாகவே கிடைக்கின்றன.

ஜனனி, ஹரிணி என்று பெயர் வைத்திருந்தால் ஜ-வையும் ஹ-வையும் முதல் மாதத்திலேயே காட்டிவிடுங்கள். தன் பெயரை வாசிக்க எந்தப் பிள்ளையும் வரிசைக்குக் காத்திருக்காது.

சரியாகப் போகிறதா என்று பார்க்க, பழகிய எழுத்துகளிலேயே பொருளற்ற ஒரு சொல்லை வையுங்கள்: ‘பட்டல்’, ‘மாபம்’. தடுமாறியாவது வாசித்தால் எழுத்து பிடிபட்டுவிட்டது. படம் பார்த்து ஊகித்துச் சொல்கிறதென்றால் அட்டைக்குத் திரும்புங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்தே பிரிக்கிறது, வீட்டிலும் வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது நல்லது. இடவலம் மாற்றி எழுதுவது இந்த வயதில் சாதாரணம். கைதட்டல் விளையாட்டிலேயே ‘பல்’லும் ‘கல்’லும் வேறு வேறாகக் கேட்கவில்லை என்றால் மட்டும், எழுத்தை நிறுத்திவிட்டு முதலில் காதைப் பரிசோதியுங்கள்.