தையல் மிஷின் பக்கத்தில் ஒரு டெண்ட் கொட்டாய்

மே மாதம் ஊருக்கெல்லாம் லீவு, எனக்கு சீசன். வைகாசி முகூர்த்தத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் சித்திரையிலேயே போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். வில்லிவாக்கத்தில் மாடி போர்ஷன் எங்களுடையது. ஒரு ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு. அந்த ரூமில்தான் மிஷின், ஓவர்லாக், கட்டிங் மேஜை, வெட்டுத்துணி மூட்டைகள் எல்லாம். லீவு விட்டால் அதே ரூமில் ஏழு வயது மகளும் நாலு வயது மகனும். ஹாலில் என் மாமியார், பிள்ளைகளுக்கு ஆயா. வீட்டுக்காரர் காலையில் வேலைக்குக் கிளம்பினால் ராத்திரிதான் வருவார்.

சம்மர் கேம்ப் விசாரிக்காமல் இல்லை. ஒரு பிள்ளைக்குக் கேட்ட ஃபீஸை மனசுக்குள் லைனிங் ரவிக்கையாக மாற்றிப் பார்த்தேன். அத்தனை ரவிக்கை தைத்துக் கொடுத்து, பேப்பர் தட்டில் ஒட்டின மீன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவானேன்? போனில் வரும் "வீட்டிலேயே செய்யலாம்" வீடியோக்களும் நமக்குச் சரிப்படாது. அதில் வரும் அம்மாக்களுக்கு வெள்ளை சோபா இருக்கிறது, பசைத் துப்பாக்கி இருக்கிறது, முக்கியமாக அன்று மாலை டெலிவரி கொடுக்கவேண்டிய ஆரி வேலை ரவிக்கை இல்லை.

எனக்கு வேண்டியது வேறு. செலவு கூடாது, மிஷின் கிட்டே வரக்கூடாது, பிள்ளைகள் வாயைப் பிளக்கவேண்டும். மூன்றும் சேர்ந்து வந்தது வெயிலில்தான். சென்னையில் அக்னி நட்சத்திரத்தின்போது எது கிடைக்காவிட்டாலும் வெயில் கிடைக்கும்.

எங்கள் ரூம் ஜன்னல் மேற்கே தெருவைப் பார்த்தது. காலையில் நம் பக்கம் நிழல், எதிர்வீட்டு முகப்பில் பளீரென்று வெயில். புடவை வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஜன்னலை முழுக்க அடைத்தேன். சந்தில் கசியும் வெளிச்சத்துக்குக் கறுப்பு லைனிங் துணியைத் திணித்தேன். கதவடியில் ஒரு பழைய போர்வை. நடுவில், அட்டையில் ஒரே ஓட்டை. முதலில் கொண்டைக்கடலை அளவு வெட்டினேன். சுவரில் படம் துல்லியமாக விழுந்தது, ஆனால் மங்கல். பழைய ஐம்பது காசு அளவுக்குப் பெரிசாக்கினதும் வெளிச்சம் கூடியது, விளிம்புகள் கொஞ்சம் கலங்கின. பிள்ளைகளுக்கு அந்தப் பெரிய ஓட்டைதான் சரி. அவர்களுக்குத் துல்லியம் எதற்கு?

விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்காரவேண்டும். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிஷம் ஆகும். அந்தச் சில நிமிஷம்தான் கஷ்டம். "மா, ஒண்ணுமே தெரியல", "மா, கொசு கடிக்குது", "மா, இவன் காலை மிதிக்கிறான்." அப்புறம் பெரியவள் சத்தம் நின்றது.

"மா... செவுத்துல எதிர்வீடு."

எதிர்வீட்டின் பச்சைப் பெயின்ட் பச்சையாகவே, மொட்டைமாடி தரைப் பக்கம், தெரு கூரைப் பக்கம். கொடியில் காயும் நைட்டி மேல்நோக்கித் தொங்கியது. நிழல்போல் கறுப்பாகத்தான் வரும் என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது, கலரில் வந்ததும் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கீரைக்கார அம்மா கூடையோடு தலைகீழாக நடந்து போனார். ஒரு ஆட்டோ கூரையில் ஒட்டிக்கொண்டே ஓடியது. தண்ணி லாரி வந்தபோது சின்னவன் கட்டில் அடியில் போய்விட்டான், தண்ணீர் தன் தலையில் கொட்டிவிடுமாம்.

அந்த நேரத்தில் விளக்கம் சொல்லவே கூடாது என்பது என் கட்சி. "இது ஏன் தெரியுமா?" என்று நாம் வாயைத் திறந்த நொடியே அது பள்ளிக்கூடமாகிவிடும். மூக்கை நுழைக்காமல் இருந்தால் அவர்களே கேட்கிறார்கள். சின்னவனைப் பொறுத்தவரை, தெரு ஓட்டை வழியாக வீட்டுக்குள் வருகிறது, வரும்போது தடுக்கிக் குப்புற விழுந்துவிடுகிறது. நான் திருத்தவில்லை. நாலு வயசுக்கு அதைவிட நல்ல காரணம் என்ன இருக்கிறது? பெரியவள் வேறு ரகம். வடக்கே போன ஆட்டோ சுவரில் தெற்கே போவதைக் கண்டுபிடித்துவிட்டு, ஹால் வாசலுக்கும் ரூமுக்கும் ஓடி ஓடிச் சரிபார்த்தாள். சாயங்காலம் கேட்டாள். அப்போதுதான் நூல்கண்டை எடுத்தேன். சிவப்பு நூலின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் ஓட்டைக்குச் சற்று மேலே கட்டி, ஓட்டை வழியாக உள்ளே இழுத்து, எதிர்ச் சுவர் வரை விறைப்பாகப் பிடிக்கச் சொன்னேன். நேராகப் பிடித்தால் அது சுவரின் அடியில்தான் வந்து நிற்கும். ஓட்டைக்குச் சற்றுக் கீழே கட்டின நீல நூல் சுவரின் மேலே போகும். வெளிச்சமும் நூல் மாதிரி நேராகத்தான் போகும், வளையாது என்று அவ்வளவுதான் சொன்னேன். ஓட்டையில் இரண்டு நூலும் மாறிப் போவதை விரலால் தடவிப் பார்த்தாள். வடக்கும் தெற்கும் மாறுவதற்கும் அதே காரணம்தான் என்பதை அவளே சொன்னாள்.

இன்னொரு சங்கதி: சுவரில் மங்கலாக இருந்தால், வெள்ளை ரூபியா துணி ஒன்றை ஓட்டைக்குக் கிட்டே, நாலடி தூரத்தில், கொடியில் தொங்கவிடுங்கள். படம் சின்னதாகும், வெளிச்சம் கூடும். துணியின் பின்பக்கம் உட்கார்ந்தும் பார்க்கலாம். முன்பக்கம் யார் உட்காருவது என்ற சண்டை இப்படித்தான் எங்கள் வீட்டில் தீர்ந்தது.

காலையில் இது. மத்தியானம் சினிமா.

வந்தவாசிப் பக்கம் என் அம்மா ஊரில், லீவுக்குப் போனால் அண்ணன்தான் ஆபரேட்டர். பெட்டிக்கடையில் ஃபிலிம் துண்டு விற்பார்கள். ஃபியூஸ் போன பல்பின் வாயை உடைத்து, உள்ளே இருப்பதைச் சுத்தமாக எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அதுதான் லென்ஸ். வெளியே ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே அடிப்பான். தாத்தா வேட்டிதான் திரை. டிக்கெட் பத்துப் புளியங்கொட்டை. வெயில் நகர நகரக் கண்ணாடி பிடிக்கிறவனும் நகரவேண்டும், அவன் அசந்தால் கதாநாயகன் இருட்டில் போய்விடுவான். உடனே உள்ளேயிருந்து விசில்.

இப்போது ஃபிலிம் துண்டுக்கு எங்கே போவது? குண்டு பல்பும் அரிது, இருந்தாலும் சின்னப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கண்ணாடியை உடைக்கும் வேலை வேண்டாம். ஆயா பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியைக் கடன் வாங்கினோம். ஃபிலிமுக்கு, ரவிக்கைத் துணி வரும் கண்ணாடிக் கவரைப் பட்டை பட்டையாக வெட்டிக் கொடுத்தேன். சிடியில் எழுதும் மார்க்கரால் பெரியவள் படம் வரைந்தாள். கவரைத் தலைகீழாகப் பிடித்தால்தான் திரையில் நேராக விழும். அதை நான் சொல்லவில்லை, காலையில் தெருவைத் தலைகீழாகப் பார்த்தவளுக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். வெயிலடிக்கும் கண்ணாடியை நேராகப் பார்க்கக் கூடாது, லென்ஸை வெயிலில் வைத்துவிட்டு எழுந்து போகக் கூடாது. வெட்டுத்துணி நிறைந்த ரூமில் வெயிலும் பூதக்கண்ணாடியும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஷோ முடிந்ததும் லென்ஸ் ஆயாவின் சுருக்குப்பைக்குள் போய்விடும். அத்தனையும் தொந்தரவு என்றால் ராத்திரி போன் டார்ச் போதும். அதன் விளக்கு ரொம்பச் சின்னது என்பதால், லென்ஸே இல்லாமல் கவரைச் சற்று எட்டப் பிடித்தாலும் கோடுகள் சுவரில் பெரிசாக, நறுக்கென்று விழுகின்றன.

கதை என்று பெரிசாக எதுவும் இல்லை. ஒரு பூனை, ஒரு பஸ், பஸ்ஸை விழுங்கின பூனை. பிள்ளைகளுக்குப் படத்தைவிடப் பிடித்தது டிக்கெட்தான். ஆளுக்கு இரண்டு ஹூக். கீழ்வீட்டுப் பையன் ஹூக் இல்லாமல் பிரஸ் பட்டன் கொண்டுவந்தான், அதற்குச் சில்லறை எவ்வளவு என்று வாசலில் கால்மணி நேரம் பஞ்சாயத்து. டெண்ட் கொட்டாயில் மணலைக் குவித்து உயரமாக உட்காருவோம் என்று ஆயா சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து என் வெட்டுத்துணி மூட்டைகள் பால்கனி டிக்கெட்டாகிவிட்டன. படம் போடுவதற்கு முன்னால் சாமி பாட்டு போடவேண்டும் என்பதும் ஆயா போட்ட சட்டம்தான், பாடுவதும் அவர்களே. இடைவேளையில் சேமியா ஐஸ். பாலும் சர்க்கரையும் வெந்த சேமியாவும் டம்ளரில் ஊற்றி, நடுவில் ஒரு ஸ்பூன் சொருகி, முந்தின ராத்திரியே ஃபிரீசரில் வைத்துவிடுவேன். கரண்ட் போனால் அது சேமியா பாயசம். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டதில்லை.

மவுண்ட் ரோடுக்கு நூல் வாங்கப் போனபோது, அண்ணா சாலை தபால் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் பழைய ஓட்டுக் கட்டடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். இப்போது அங்கே தபால்தலை விற்கிறார்கள். 1913இல் அது எலெக்ட்ரிக் தியேட்டர், பேசாத படக் காலத்து சினிமாக் கொட்டகை. அதற்கும் முன்னால், 1905 வாக்கிலேயே சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். இதெல்லாம் சொன்னதும் சின்னவன் கேட்ட ஒரே கேள்வி, "அவர் டிக்கெட்டுக்கு எத்தனை ஹூக் வாங்குனாரு?"

வெயிலை வைத்து இன்னொரு வேடிக்கை இருக்கிறது, ஆனால் அது நாம் கூப்பிடும்போது வராது. ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் சென்னையில் நடுப்பகலில் நிழல் காணாமல் போகும். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும், வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு வரும். டெல்லிக்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. ஏப்ரலில் நமக்குப் பன்னிரண்டு ஏழு வாக்கில். மொட்டைமாடியில் அந்த நேரத்துக்குக் கால் வைக்க முடியாது. கோணிச்சாக்கை நனைத்துப் போட்டு, அதன் பக்கத்தில் ஒரு பவுடர் டப்பாவை நிமிர்த்தி வைத்தோம். நிழல் குறுகிக் குறுகி டப்பாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. தன் நிழலையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று சின்னவன் குதித்துக் குதித்துத் தேடினான். குதித்தால் மட்டும் காலடியில் ஒரு கறுப்புத் துண்டு தெரியும், இறங்கினால் போய்விடும். அதைப் பிடிப்பதே விளையாட்டாகிவிட்டது. வியர்த்துக் கொட்ட இறங்கி வந்து மோர் குடித்தோம்.

இதனாலெல்லாம் என் வேலை தடையில்லாமல் நடக்கிறது என்று நினைக்காதீர்கள். இருட்டு ரூமில் ஊசி கோக்க முடியாது. காலைக் காட்சி நேரத்தில் ஹாலில் உட்கார்ந்து ஹூக் வைப்பது, ஹெம்மிங் பார்ப்பது என்று கைவேலையை மட்டும் ஒதுக்கிவைத்துக்கொள்கிறேன். ஹூக் டப்பாதான் காலியாகிக்கொண்டே வருகிறது. டிக்கெட் கவுண்டர் வசூலைத் திருப்பிக் கேட்டால், தியேட்டர் ஓனரம்மாவாகிய என் மகள் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள், கடனாகத்தான் தருவாளாம்.

போன வாரம் ஒரு கஸ்டமர் அக்கா, கை லூசாக இருக்கிறது என்று சண்டைபோடவே வந்தார். காட்சி நடக்கிறது, சத்தம் போடக்கூடாது என்று சின்னவன் வாசலில் மறித்தான். உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். சுவரில் தன் ஸ்கூட்டி தலைகீழாக நிற்பதைப் பார்த்துச் சிரித்தார், கீரைக்கார அம்மா போகும்வரை பார்த்தார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "கை லூசு பிடிச்சுக் குடுத்துடும்மா, சாயங்காலம் எங்க வீட்டுப் பொண்ண கூட்டிட்டு வரேன்" என்றார். சாயங்காலம் எதிர்வீட்டில் வெயில் இருக்காதே அக்கா, காலையில் ஒன்பது மணிக்கு வாங்க என்று சொல்லி அனுப்பினேன். டிக்கெட் இரண்டு ஹூக் என்பதைப் பெரியவள் மாடிப்படி வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.