தீபாவளிப் பைக்குள் எங்கள் பாட்டு

2024 ஒக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. தேயிலைத் தோட்டங்களில் பத்தாம் திகதி சம்பளம் முடிந்து வந்த முதல் ஞாயிறு. தீபாவளிக்கு இன்னும் பதினெட்டு நாள். ஹட்டன் டவுனில் கால் வைக்க இடமில்லை. சொந்தக்காரர் ஒருவரின் போன் கடை வாசலில் மேசை போட்டு, எங்கள் பாட்டுக் குழுவின் பெயர் அச்சடித்த டீசேர்ட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்றோம். மழை இறங்கும்வரை நாலு போனது. நாலையும் வாங்கியவர்கள் எங்கள் நிகழ்ச்சிகளுக்கு வழக்கமாக வரும் பையன்கள்.

கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா நின்று, ஒன்றை விரித்து, துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு புள்ள. ஆனா இத நான் யாருக்குக் குடுக்கிறது?" என்றார். விலை 1,900 ரூபா. அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது அதற்கு முந்தைய மாதம்தான். அவர் மடித்து வைத்துவிட்டுப் போனார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தோட்டத்து லய வீடு வரைக்கும் வந்தது. மூன்று மாதமாக டிசைன், நிறம், சைஸ் என்று பேசியிருந்தோம். வாங்குகிறவர் அதை யாருடைய கையில் கொடுப்பார் என்று ஒருமுறைகூட யோசித்திருக்கவில்லை.

நாங்கள் ஐந்து பேர். ஒருவர் தப்பு, ஒருவர் கீபோர்ட், ஒருவர் கிட்டார், தம்பி ஒலிப்பதிவு, நான் பாட்டு. பகலில் நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். திருவிழா, கல்யாணம், பள்ளிக்கூட விழா என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவோம். சொந்தப் பாட்டு பதினான்கும், தோட்டங்களில் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்த பழைய பாட்டு எட்டும் கையில் இருந்தன. இணையத்தில் ஏற்றினால் கேட்பார்கள், பாராட்டுவார்கள். ஆனால் வரும் காசு மைக் வயருக்கும் காணாது. பண்டிகைக் காலத்தில் பொருளாக ஏதாவது விற்றால் அடுத்த பதிவுக்காவது முதல் சேரும் என்றுதான் ஓகஸ்டில் 46,000 ரூபா போட்டு நாற்பது டீசேர்ட் அடித்தோம்.

அதிலும் ஒரு அடி விழுந்தது. முதலில் வாங்கிய ஒரு தம்பி, ஒரே துவையலில் எழுத்து வெடித்துவிட்டது என்று கொண்டுவந்து காட்டினார். ஸ்கிரீன் பிரிண்டில் அந்த வகை மையை 160 பாகை அளவுக்குச் சூடாக்கினால்தான் துணியில் முழுதாகப் பிடிக்கும். அடித்தவர் அவசரத்தில் மேலோட்டமாகக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். இருந்தவற்றை எல்லாம் இழுத்துப் பார்த்தோம். இழுக்கும்போது வெடித்த பதினொன்றையும் திருப்பி அனுப்பி மறுபடி சூடாக்கி வாங்கினோம். அச்சடித்த எதையும் மொத்தமாக எடுக்கும் முன் ஒன்றைக் கொண்டுவந்து மூன்று தடவை துவைத்துப் பாருங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

ஞாயிறு இரவு கொழும்பிலிருந்து சித்தப்பா மகன் போன் எடுத்தான். புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறான். மேசைக் கதையைச் சொன்னேன். "அக்கா, ஹட்டன்ல ஏன் விக்கிறீங்க? ஊருக்குச் சாமான் வாங்கிட்டு வர்றது நாங்கதானே. இங்க வாங்க" என்றான்.

அந்த ஒரு பேச்சில் எனக்கு விளங்கிவிட்டது. தீபாவளிக்கு முதல் நாள் ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வீட்டிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள். ஒவ்வொருவர் கையிலும் பை. அம்மாவுக்குச் சேலை, தங்கச்சிக்குச் சட்டை, தாத்தாவுக்கு ஒரு சால்வை. கொடுக்கிறதுக்கு என்றே காசு ஒதுக்கி வைத்திருப்பவர்கள் அவர்கள். நாங்களோ கடனை அடைக்கவும் வீட்டுச் சாமான் எடுக்கவும் டவுனுக்கு வந்த அம்மாவின் முன்னால் டீசேர்ட்டை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம்.

17ஆம் திகதி வியாழன், போயா என்ற பௌர்ணமி விடுமுறை. பல கடைகளுக்கு லீவு. விடியற்காலை பஸ்ஸில் கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக இறங்கிப் போனோம். மாலை காலி முகத்திடலில் சித்தப்பா மகன் தன் கூட்டாளிமார் இருபது பேரைச் சேர்த்து வைத்திருந்தான். விற்பதற்கு முன் கேட்போம் என்று முடிவு செய்திருந்தேன். "வீட்டுல பாட்டு யார் கேப்பாங்க? எதில கேப்பாங்க?" கிடைத்த பதில்கள் எதுவும் நான் எதிர்பார்த்தவை இல்லை. அப்பாவின் ரேடியோவில் பென் ட்ரைவ் குத்தும் ஓட்டை இருக்கிறது. அண்ணன் ஆட்டோ ஓடுகிறான், அதில் பென் ட்ரைவ். மாமா ஸ்கூல் வான், அதிலும் அதே. சீடி போடும் பெட்டி ஒருவர் வீட்டிலும் இல்லை. அம்மாவின் போன் பட்டன் போன்.

அங்கேயே நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதத் தொடங்கினோம். எங்கள் இருபத்திரண்டு பாட்டும் ஏற்றிய பென் ட்ரைவ், 1,500 ரூபா, பாதிக் காசு முன்பணம். அன்று முப்பத்தொரு பெயர். அடுத்த நாலு நாளில் வட்ஸ்அப்பில் காசு போட்ட சிலிப் அனுப்பி இன்னும் நாற்பது பேர். இருப்பதை விற்க நின்றதற்கும், கேட்டவருக்குச் செய்து கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வாரம் நெஞ்சில் இருந்த பாரத்திலேயே தெரிந்தது. கையிலிருந்து பெரிதாக முதல் போடத் தேவையிருக்கவில்லை.

அத்தை வீட்டில் தங்கி, பெயர்கள் சேர்ந்த பிறகு முதலாம் குறுக்குத் தெருவில் 8 ஜிபி பென் ட்ரைவ் எண்பது எடுத்தோம், ஒன்று 720 ரூபா. மலிவானதில் மேலே எழுதியிருக்கும் அளவு உள்ளே இருக்காது. அதனால் ஒவ்வொன்றையும் நிரப்பிப் பார்த்தோம். ஐந்து தேறவில்லை, கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்.

பாட்டை ஏற்றுவதுதான் லேசான வேலை என்று நினைத்திருந்தேன். முதல் சாம்பிளை எங்கள் தோட்டத்து ஆட்டோவில் குத்தினோம். பேசவே இல்லை. வண்டியிலிருக்கும் மலிவான செட்டுகள் பலவற்றுக்கு ஃபாட் 32 என்ற முறையில் போர்மட் செய்தால்தான் விளங்கும். அடுத்து, பாட்டின் பெயரைத் தமிழில் எழுதியிருந்தோம். திரையில் கட்டம் கட்டமாக வந்தது. மனசே இல்லாமல் எண்ணும் ஆங்கில எழுத்துமாக மாற்றினோம். தமிழ்ப் பெயர்களைப் பையோடு போகும் அட்டையில் அச்சடித்தோம். மூன்றாவதை ஆட்டோ அண்ணன்தான் சொல்லித் தந்தார். வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் அவருடைய செட்டில் முதல் பாட்டிலிருந்துதான் தொடங்கும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்கப்போவது முதல் பாட்டைத்தான். எங்கள் வரிசையில் முதலாவது ஆறு நிமிடத் தாலாட்டு. அதை எடுத்துப் பின்னால் போட்டு, தப்பு அடியோடு தொடங்கும் மூன்று நிமிடப் பாட்டை முன்னால் வைத்தோம்.

"நாலு சினிமாப் பாட்டும் சேத்துப் போடுங்க, இன்னும் போகும்" என்றார்கள் பலர். போடவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை ஆக்கியவர் இறந்து எழுபது ஆண்டு வரைக்கும் உண்டு. சட்டம் ஒரு பக்கம். எங்கள் பாட்டை யாராவது கேட்காமல் பென் ட்ரைவில் ஏற்றி விற்றால் எனக்கு வயிறு எரியும். அதையே நான் இன்னொருவருக்குச் செய்ய முடியாது.

பழைய பாட்டு எட்டும் வேறு கேள்வி. அவை ஊர்ச் சொத்து. அதில் மூன்றை எங்களுக்குப் பாடிக் காட்டியவர் மன்மதன், ரதி கதையைச் சொல்லும் காமன் கூத்தை ஆடிவைக்கும் வாத்தியார், எங்களுக்கு மாமா முறை. ஒரு பென் ட்ரைவுக்கு ஐம்பது ரூபா அவருக்கு என்று சொல்லப் போனேன். காசைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வரிசையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ரதி புலம்பல் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார். "நல்ல நாளும் பெரிய நாளுமா ஒப்பாரிய வீட்டுக்குள்ள அனுப்புவியா பாப்பா?" இதை நானே யோசித்திருக்க வேண்டும். அதை நீக்கிவிட்டு, அவர் அங்கேயே பாடிக் கொடுத்த கும்மிப் பாட்டைப் போட்டோம்.

பைகளைச் சித்தி தைத்தார். தையல் கடையில் மிஞ்சிய துணித் துண்டு, சுருக்குக் கயிறு. உள்ளே ஒரு அட்டை: பாட்டுகளின் பெயர், கீழே 'யாருக்கு', 'யார் அன்போடு' என்று இரண்டு கோடு. குழுவின் பெயரைச் சிறிதாக மூலையில் போட்டோம். அது கொடுக்கிறவருடைய பரிசு, அவருடைய பெயர்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன்.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் ஒரு அக்கா மகளுக்கு என்று கேட்டார். வெளிநாட்டு ஆட்களுக்கு விற்க பேண்ட்கேம்ப் நல்ல இடம் என்பார்கள். பொருளுக்குப் பத்து வீதம்தான் எடுக்கிறது. ஆனால் காசு பேபால் வழியாக வரும், இலங்கையிலிருக்கும் நமக்கு அப்போது பேபாலில் காசு வாங்க வழியிருக்கவில்லை. அக்காவுக்குப் பொருள் குவைத் போகத் தேவையே இல்லையே. வீட்டுக்கு அனுப்பும் மாதக் காசோடு சேர்த்து அனுப்பினார், தங்கச்சி எங்கள் கணக்கில் போட்டார். சிக்கல் முகவரிதான். லயத்துக்குத் தனி முகவரி இல்லை, தோட்டத்தின் பெயருக்கு வரும் தபால் எத்தனை கை மாறி எப்போது சேரும் என்று சொல்ல முடியாது. இருநூறு வருஷமாகியும் நம் வீட்டுக்கு ஒரு இலக்கம் இல்லாததை ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பும்போதுதான் உடம்பால் உணர்ந்தேன். அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பிள்ளை வாங்கியதும் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினோம்.

29, 30 இரண்டு நாளும் கொழும்பு பெஸ்டியன் மாவத்தை பஸ் நிலையத்தில் சித்தப்பா மகன் நின்று, ஊருக்கு ஏறுகிறவர்களிடம் பெயர் பார்த்துக் கொடுத்தான். எழுபத்தைந்து பென் ட்ரைவ் போனது. அங்கேயே கேட்டு டீசேர்ட்டும் பத்து போனது, தம்பிமாருக்கு. மிச்சமிருந்தவற்றை நிகழ்ச்சிகளில் விற்கிறோம், அதற்கான இடம் அதுதான்.

கலண்டர் பற்றியும் சொல்ல வேண்டும். செப்டெம்பரில் நூற்றைம்பது அச்சடிக்கக் கொடுத்திருந்தோம். நவம்பர் 14 பொதுத் தேர்தல் வந்ததால் அச்சகம் முழுக்கத் துண்டுப் பிரசுரம், எங்களுடையது தீபாவளிக்கு வரவில்லை. தேர்தல் முடிந்த பிறகு வந்தது. போயா, திருவிழாக்களோடு மாசி மூன்றாம் பிறையில் காமன் ஊன்றிக் கூத்தைத் தொடங்கும் நாளையும் குறித்திருந்தோம். நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் மெதுவாகப் போனது, பத்து மட்டும் ஈரம் பட்டு வீணானது. இந்த மலையில் கடதாசியைப் பொலித்தீன் இல்லாமல் ஒரு ராத்திரிகூட வைக்கக்கூடாது.

செலவு போக 48,000 ரூபா மிஞ்சியது. வாத்தியார் மாமாவுக்குரிய 3,750 ரூபாவை உறையில் கொண்டுபோய் வைத்தேன். எடுத்துக்கொண்டார். மாசியில் காமன் ஊன்றிய பிறகு தானே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ரதி புலம்பலை அந்த வாரம், கூத்துப் பொட்டலிலேயே, விடியற்காலை இரண்டரை மணிக்கு முழுதாகப் பதிவு செய்தோம்.