வடிவேலு அழுதாத்தான் நடிகரா?

2023ல வடிவேலு சிரிக்க வைக்காம நடிச்ச மாமன்னன் படம் வந்த நேரம் விமர்சனம் எழுதின ஆக்கள் கனபேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் எழுதினாங்க, வடிவேலுக்குள்ள இப்பிடி ஒரு நடிகர் இருந்திருக்காரா எண்டு. வாசிக்க வாசிக்க எனக்குக் கோவம்தான் வந்திச்சு. இருந்திருக்காரா எண்டா என்ன கதை இது? அப்ப முப்பது வருசமா அந்தாள் திரையில என்ன செய்துகொண்டிருந்தவராம்?

தேவர் மகன் வந்தது 1992ல. அதில இசக்கியா வாறவர் பூட்டிக்கிடந்த கோயிலத் திறந்துவிட்டதுக்குக் கைய வெட்டிப்போடுவாங்க, பிறகு ஆஸ்பத்திரியில கமல் பார்க்க வரேக்க கை போனத ஒரு பகிடி மாதிரிச் சொல்லிக்கொண்டு கிடப்பார், பார்க்கிற எங்களுக்குத்தான் தொண்டை அடைக்கும். மாமன்னன்ல செய்தத அவர் அப்பவே செய்து காட்டிட்டார்.

அத விடுங்க, நான் சொல்ல வாறது காமெடியப் பற்றி. வெற்றிக் கொடி கட்டு (2000) படத்தில துபாயில இருந்து வந்தவரா வருவாரே, அதப் பாருங்க. பார்த்திபன் ஒவ்வொரு கேள்வியாக் கேட்கக் கேட்க முகத்தில இருந்த பெருமை கொஞ்சம் கொஞ்சமாக் கழண்டுகொண்டு போகும், ஆனா குரல மட்டும் இறக்கவே மாட்டார். எங்கட திருகோணமலையில கட்டார், குவைத், சவூதி எண்டு ஆள் போகாத ஒழுங்கை இல்ல, லீவில வந்து நிக்கிறவங்க அங்க பட்ட பாட்டச் சொல்ல மாட்டாங்க, சென்ட் அடிச்சுக்கொண்டு டச்பே கடற்கரையில கூட்டாளிமாரோட நல்ல கதை மட்டும்தான் கதைப்பாங்க. குவைத்தில இருந்து வந்து நிண்ட என்ர மாமா இந்த சீனப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார், சிரிச்சு முடிஞ்சா கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்க மாட்டார். அவருக்கு விளங்கின அளவுக்கு அந்த நடிப்பு எந்த விமர்சகருக்கும் விளங்கினதா நான் வாசிக்கேல்ல. ஹீரோ, பாட்டு, கேமரா எல்லாம் பந்தி பந்தியா எழுதிப்போட்டு கடைசியில "வடிவேலு காமெடி கைகொடுக்குது" எண்டு ஒரு வரி, அவ்வளவுதான்.

மாமன்னன்ல வில்லன் ரத்தினவேலுக்கு முன்னால உக்காராம நிக்கிற அந்த முதுகு எங்க இருந்து வந்தது எண்டு நினைக்கிறீங்க? பெரிய ஆக்களக் கண்டா வளையிறதும், அடி வாங்கிப்போட்டு ஒண்டும் நடக்காத மாதிரி சேட்டத் தட்டிக்கொண்டு எழும்பிறதும் அவர் அத்தனை காமெடியிலயும் செய்ததுதான். அதே உடம்பு, அதே கண்.

இது வடிவேலுக்கு மட்டும் நடக்கிற அநியாயமும் இல்ல. காமெடி நடிகர் சூரியக் கொண்டாட விடுதலை படம் வரவேண்டியிருந்தது. எம்.எஸ். பாஸ்கருக்கு பார்க்கிங் படத்தில கோவக்காரனா நடிச்ச பிறகுதான் தேசிய விருது கிடைச்சது. நாகேஷ் மகளிர் மட்டும் (1994) படத்தில பிணமா நடிச்சுச் சிரிக்க வைச்சவர், ஒரு வசனம் இல்ல, அதவிட என்ன நடிப்பு வேணும்?

வடிவேலுட எலி, நாய் சேகர் ரிட்டர்ன்ஸ் எல்லாம் எனக்கும் பிடிக்கேல்ல, அதுகளத் திட்டினது சரிதான். ஆனா ஒரு கூட்டாளி சொல்லுறார், காமெடி பிறவியில வாறது, அதுக்கு உழைப்பு தேவையில்லயாம். அவருக்கு நான் சொல்லுறது, இம்சை அரசன் 23ம் புலிகேசியச் சத்தத்த மூடிப்போட்டுப் பாருங்க. அதில அவருக்கு ரெண்டு வேசம், ராசா புலிகேசியும் அவர்ர இரட்டைச் சகோதரன் உக்கிரபுத்தனும். பிற்பாதியில உக்கிரபுத்தன் ராசா உடுப்பப் போட்டு அரண்மனையில நிப்பார், அதே மீசை, அதே கிரீடம், எண்டாலும் நிக்கிற நிலையிலயே இது புலிகேசி இல்ல எண்டு சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். வேற ஒரு பெரிய ஹீரோ இப்பிடிச் செய்திருந்தா அதப்பற்றி மட்டும் எத்தனை கட்டுரை வந்திருக்கும்!