கம்பி போட்ட பல்லும் உடல் எடையும்

பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளை கொஞ்சம் பருமனாக இருந்து ஈறும் வீங்கிவிட்டால், "ஒழுங்காகப் பல் தேய்" என்று திட்டுவதோடு முடித்துவிடுகிறோம். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. உடல் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களை இரத்தத்தில் கலக்கிறது. கம்பியைச் சுற்றி அழுக்குப் படலம் யாருக்கும் தங்கத்தான் செய்யும். அதே அளவு படலத்துக்கு இந்தப் பிள்ளையின் ஈறு கூடுதலாகச் சிவக்கலாம், இரத்தம் கசியலாம். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்றில்லை, சரி. ஆனால் கம்பி போடும் முன்பே எடையைப் பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள். கம்பிக்கு இடையில் நுழையும் சின்ன பிரஷ், ஃப்ளூரைடு பற்பசை இரண்டும் அவசியம். அப்புறம், எடையைச் சொல்லிக் கேலி செய்யாதீர்கள். கூச்சப்பட்டு அடுத்த முறை கிளினிக்குக்கே வர மறுக்கும்.