1961 சீசனைச் சேர்க்க இரண்டு வருட கார்டுகள் வேண்டும்

1961 அக்டோபர் 1. நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் யாங்கீ ஸ்டேடியம். பாஸ்டன் ரெட் சாக்ஸின் ட்ரேசி ஸ்டாலர்ட் வீசிய பந்தை யாங்கீஸின் ரோஜர் மேரிஸ் வலப்பக்கப் பார்வையாளர் வரிசைக்குத் தூக்கி அடித்தார். அது அந்த சீசனில் அவருடைய 61-ஆவது ஹோம் ரன் (பந்தை ஆடுகளத்துக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்). 1927-இல் பேப் ரூத் அடித்த 60 அன்றோடு முந்தப்பட்டது. அதே அணியில் மிக்கி மேன்டில் 54 அடித்திருந்தார். பேஸ்பால் கார்டு சேர்க்கத் தொடங்குபவர்கள் இந்த சீசனைத் தேடி வருவது நியாயமே.

வந்தவுடன் பலரும் செய்யும் தவறு, டாப்ஸ் நிறுவனம் 1961-இல் வெளியிட்ட கார்டுகளை மட்டும் வாங்குவது. அந்தக் கார்டுகள் சீசன் நடக்கும்போதே கடைக்கு வந்தவை. அதனால் பின்புறம் இருப்பதெல்லாம் முந்தைய வருடக் கணக்கு. 1961 வரிசையில் மேரிஸின் கார்டு எண் 2. அதைத் திருப்பிப் பார்த்தால் 1960-இல் அடித்த 39 ஹோம் ரன்தான் இருக்கும். 61 என்ற எண்ணைப் பார்க்க 1962 வரிசையின் முதல் கார்டுக்குப் போக வேண்டும். 61-ஆவது அடியைக் காட்டும் 313, ஹோம் ரன் முன்னணியாளர்கள் இருக்கும் 53, சின்சினாட்டி ரெட்ஸை யாங்கீஸ் 4-1 என வென்ற, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் (232 முதல் 237 வரை) எல்லாம் 1962-இல்தான். யாங்கீஸ் பந்துவீச்சாளர் வொய்ட்டி ஃபோர்ட் பேப் ரூத்தின் இன்னொரு சாதனையை, உலகத் தொடரில் ரன் கொடுக்காமல் தொடர்ந்து பந்து வீசிய 29⅔ இன்னிங்ஸை, முறியடித்த கார்டு 235.

1961 வரிசையின் எண்கள் புதியவர்களைக் குழப்பும். கடைசி எண் 589, ஆனால் முழு செட் 587 கார்டுகள். 587, 588 வெளிவரவே இல்லை. 426-ஆவது கார்டும் கிடையாது; அந்த எண் வரவேண்டிய பிரேவ்ஸ் அணிக் கார்டில் 463 என்று அச்சாகிவிட்டது. ஜாக் ஃபிஷர் கார்டும் 463தான். ஆகவே 426-ஐத் தேடி அலையாமல், 463-இல் இரண்டு வாங்குங்கள்.

1961 வரிசையில் 523 முதல் உள்ளவை கடைசித் தவணையாக வெளிவந்தவை. சீசன் முடியும் நேரத்தில் சிறுவர்களின் கவனம் அமெரிக்கக் கால்பந்துக் கார்டுகளுக்குப் போய்விட்டது, கடைக்காரர்களும் குறைவாகவே வாங்கினார்கள். அதனால் பெயர் தெரியாத ஆட்டக்காரரின் கார்டுகூட இந்தப் பகுதியில் விலை ஏறி நிற்கும். மேரிஸ் (576), ஆரோன் (577), மேன்டில் (578), மேஸ் (579) ஆகியோரின் ஆல்-ஸ்டார் (நட்சத்திர ஆட்டக்காரர்) கார்டுகளும் இங்கேதான். என் கருத்தில் பட்ஜெட்டை முதலில் இந்தப் பகுதிக்கு ஒதுக்க வேண்டும். எளிதாகக் கிடைக்கும் கார்டுகளை முதலில் முடித்துவிட்டுக் கடைசித் தவணையில் மாட்டிக்கொண்டு நிற்கும் செட்டுகள் ஏராளம்.

1962-இன் சிக்கல் வேறு: மர வேலைப்பாடு போன்ற பழுப்பு ஓரம். மூலையில் நகம் பட்டாலும் வெள்ளை தெரியும். இதை மறைக்கச் சிலர் பழுப்பு மார்க்கர் பூசுவார்கள். கார்டைப் பக்கவாட்டில் பிடித்து, அட்டையின் வெட்டு விளிம்பை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். அச்சு மை மேற்பரப்போடு நிற்கும். மார்க்கர் மை விளிம்புக்குள் ஊறியிருக்கும். மேரிஸின் கார்டு எண் 1 என்பதால் ரப்பர் பேண்ட் போட்ட அடுக்கின் மேலேயே கிடந்து அடிபட்டது. நல்ல மூலைகளோடு அது கிடைப்பது அரிது.

1962 வரிசையின் 110 முதல் 196 வரையிலான கார்டுகளில் ஒரு பகுதி பச்சைச் சாயல் ஏறி அச்சானவை; சிலவற்றில் படமே வேறு. 139-ஐ வாங்கும்போது மிகக் கவனம் தேவை. அது பேப் ரூத்தின் 60-ஆவது ஹோம் ரன் கார்டு, ஆனால் 159 என்று இருக்க வேண்டிய ஹால் ரெனிஃப் கார்டும் இரண்டு படங்களில் 139 என்ற எண்ணோடு வந்தது. விற்பவர் வெறும் எண்ணை மட்டும் சொன்னால் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கார்டின் அளவு 2.5 அங்குலத்துக்கு 3.5. ஓரம் வெட்டப்பட்டதா என்று பார்க்க அளவுகோலை மட்டும் நம்ப வேண்டாம். அதே வருடத்து மலிவான கார்டு ஒன்றை மேலே வைத்து நான்கு பக்கமும் ஒப்பிடுங்கள். மூலை கத்திபோல் கூர்மையாகவும் ஒரு பக்கம் குறைந்தும் இருந்தால் விட்டுவிடுங்கள். மறுபதிப்பைப் பிடிக்கப் பின்புற எழுத்தை லென்ஸில் பார்க்க வேண்டும்: அசலில் எழுத்து இடைவெளி இல்லாத கெட்டி மையில் இருக்கும், ஸ்கேன் செய்து அச்சடித்ததில் புள்ளி புள்ளியாகச் சிதறும். படம் நடுவில் இருக்கிறதா என்பதற்குக் கணக்கு எளிது. இடது ஓரம் 2 மி.மீ., வலது 3 மி.மீ. என்றால் 40/60.

முன்புறத்தில் கார்டுப் பொட்டலத்தின் மெழுகுத் தாள் கறை இருந்தால் நைலான் காலுறைத் துணியால் மெதுவாகத் துடைத்தால் பெரும்பாலும் போகும். பின்புறத்தில், பொட்டலத்தில் கூடவே வந்த சூயிங் கம்மின் கறையைத் தொடாதீர்கள். அங்கே பூச்சு இல்லாத அட்டை, தேய்த்தால் நார் எழும்பும்.

வைப்பதற்கு மெல்லிய உறை, அதன் மேல் டாப்லோடர் (மேல்பக்கம் திறந்த கெட்டியான பிளாஸ்டிக் உறை). உறையின் வாயில் ஒரு மூலையைச் சரிவாக நறுக்கிவிட்டால் கார்டு மூலை இடிக்காமல் நுழையும். உறை இல்லாமல் டாப்லோடரில் நேரே போட்டால் விளிம்பு உரசிக் கெடும். மிச்சம் உள்ளவற்றை ஒன்பது பை கொண்ட தாள்களில் அடுக்கலாம், ஆனால் மென்மையான பிவிசி தாள் வேண்டாம். நாளடைவில் அது கார்டில் ஒட்டிக்கொள்ளும். பைண்டர் டி வடிவ வளையம் உள்ளதாக இருக்கட்டும். வட்ட வளையத்தில் உள்பக்கக் கார்டுகள் மடங்கும், மேரிஸின் 1, 2 இரண்டும் முதல் தாளில்தான் இருக்கும்.